பாஸ் எண் 217

எனக்கு முகங்கள் மறந்துபோகும்.
நரம்புகள் மறக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
டேங்க் கழுவும் ஒப்பந்த ஆட்கள்
குடிகாட்டிலிருந்தும் பச்சையாங்குப்பத்திலிருந்தும்
இந்த அறைக்கு வருவார்கள்,
சோப்பு தோற்றுப்போன கைகளோடு.
முழங்கை மடிப்பைத் தட்டுவேன்.
ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி.
"குடுக்கற கூலிக்கு ரத்தமும் வேணுமா மேடம்?"
ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள்.
சிரித்துவைப்பேன்.

சிப்காட் நாற்றத்துக்கு
ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் ஊர் இது.
பென்சீனுக்கோ வாசனை இனிப்பு.
"பழ வாசம்" என்று
மூச்சை இழுத்துக் காட்டினார் ஒருத்தர்.
அது எலும்புக்குள் போய் உட்காரும்,
ரத்தம் பிறக்கிற இடத்தில்.
அதற்கு அவசரமில்லை.
அது எழுந்து நிற்பதற்குள்
ஒப்பந்தக்காரர் நாலு பேர் மாறியிருப்பார்கள்,
கம்பெனியின் பெயர்ப்பலகையும்.
அதனால்தான் இந்தப் பேரேடு.

பாஸ் எண் 217, கலியமூர்த்தி.
போன வருஷம் தையில்
தட்டணு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
ஆடியில் இரண்டு பத்து.
இந்தத் தையில் ஒன்று அறுபது.
நார்மல்தான் என்றது இயந்திரம்.
'இறங்குகிறது' என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
பென்சிலால்.

கார்த்திகையில் மாலை போட்டிருந்தார்.
தாடிக்கும் முகமூடியின் ரப்பர் விளிம்புக்கும் நடுவே
ஒரு மயிரிழை இடைவெளி போதும் என்று
கண்ணாடியில் காட்டினேன்.
ஐயப்பன் பார்த்துக்குவார் என்றார்.
கழுத்தில் குத்தவேண்டிய பேட்ஜைக் கழற்றி
பைக் கவரில் வைத்துவிட்டு டேங்குக்குள் இறங்கினார்;
கூடுதலாகக் காட்டினால் வேலை போகுமென்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
பேட்ஜ் நாள் முழுக்க வேப்பமரத்தடியில் மூச்சுவிட்டது.
அறிக்கை சுத்தமாக வந்தது.

இந்த ஆடியில்
217-க்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
டாக்டர் பச்சை மையில் டிக் போட்டார்.
"பாத்தியா ஜெமிலா, தேறிட்டான்."

தேறவில்லை.
கலியமூர்த்திக்கு இடது மடிப்பில்
கவட்டை மாதிரி நரம்பு பிரியும்,
பக்கத்தில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு
புளியங்கொட்டை அளவுக்கு.
நான் குத்திய கையில்
நரம்பு கொடிக்கயிறாக நேரே ஓடியது.

வராந்தாவில் பிடித்துக் கேட்டேன்.
பேர் பாவாடை. வயது இருபத்திரண்டு.
"மச்சானோட பாஸ் மேடம்.
கேட்ல மூஞ்சிய யாரு பாக்கறா."
மச்சான்?
"பல்லு வௌக்குனா ரத்தம் நிக்கல.
தொடையில நீலம் நீலமா.
வூட்லதான் படுத்துருக்குது."

ஒரு பேருக்குள் இரண்டு ரத்தம்.
நாளைக்கு யார் திறந்து பார்த்தாலும்
பேரேட்டில் கலியமூர்த்தி நலமாக இருப்பார்.
பாவாடை டேங்குக்குள் இறங்கியே இருக்க மாட்டான்.

எழுதினால் ரெண்டு பாஸும் போகும்,
அதுவா உனக்கு வேணும் என்றார் சூப்பர்வைசர்.
அவர் சொன்னது பொய்யில்லை.
அன்றைக்கு மஞ்சக்குப்பம் போய்ச் சேரும்வரை
பஸ்ஸில் அதையே மென்றுகொண்டிருந்தேன்.
காலையில் பேனாவை எடுத்தேன்.
டிக்கை அடித்தேன்: 'இது வேறு ஆள்.'
பென்சில் எழுத்தின்மேல் மையை ஓட்டினேன்,
தாள் கிழிகிற அளவுக்கு.

என் கடிதத்தோடு
கலியமூர்த்தி புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்.
என்ன வேலை, எத்தனை வருஷம் என்று
அங்கே கேட்டார்களாம்.
கடிதத்தில் அது இருந்தது.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
அவர் மனைவி போனை எடுப்பதில்லை.

பாவாடைக்குப் பதினொரு நாள் கூலி போயிற்று.
பன்னிரண்டாம் நாள்
சொந்தப் பாஸோடு வந்தான், 391.
என்னைப் பார்க்கவில்லை.
மழமழவென்று சவரம் செய்திருந்தான்.
கழுத்தில் பேட்ஜ்,
தலைகீழாகக் குத்தியிருந்தது.
திருப்பிவிட்டேன்.
கையை நீட்டினான்.

குழாயில் ஒட்டும் தாளில்
பேருக்கு விட்ட இடம் சின்னது.
நாலு எழுத்து.
கொண்டது.